மீட்டர் காட்டும் சீரோ: பெட்ரோலிய இரசாயனங்களின் அனுமதி வரம்பு என்றால் என்ன?

மலேசியாவின் போர்ட்டிக்சன் கடற்கரையில் இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் 1960களிலிருந்து இயங்கி வருகின்றன. அங்கிருந்து லுக்குட், சிலியாவ், ரந்தாவ் என்று உள்ளே வர வர ரப்பரும் செம்பனையுமாகத் தோட்டங்கள் விரிகின்றன. தாத்தா பால்மரம் சீவினார், அப்பா செம்பனைக் குலை வெட்டினார், மகன் கான்ட்ரெக்டரிடம் பெயர் கொடுத்துவிட்டு, ஆலையை நிறுத்திப் பழுதுபார்க்கும் ஷட்டவுன் வேலைக்குப் போகிறான் என்பது சிலியாவ் போன்ற தோட்டப்புறப் பட்டணங்களில் பல குடும்பங்களின் நடப்பு. ஆலைக்குப் போகாதவர்களும் பெட்ரோலிய இரசாயனங்களுக்குத் தப்பியவர்கள் அல்லர். தோட்டத்து வொர்க்ஷாப்பில் இஞ்சின் பிரிப்பவர், பெட்ரோல் நிலையத்தில் நிற்பவர், டேங்கர் லோரி ஓட்டுபவர், தின்னர் கலந்து சாயம் அடிப்பவர் ஆகிய எல்லாரும் நாள்தோறும் ஏறக்குறைய ஒரே குடும்பத்து ஆவிகளைத்தான் சுவாசிக்கிறார்கள்.

ஷட்டவுன் வேலைக்குப் புதிதாகச் செல்பவர்களை முதல் நாள் ஓர் அறையில் உட்கார வைத்துப் பாதுகாப்பு விளக்கம் கொடுப்பார்கள். அங்கே திரையில் மூன்று எண்கள் தவறாமல் வரும்: பென்சீன் 0.5 பிபிஎம், ஹைட்ரஜன் சல்பைடு 10 பிபிஎம், எல்இஎல் 10 விழுக்காடு. மலாயிலோ ஆங்கிலத்திலோ வேகமாகச் சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவதால், மூன்றும் ஒரே வகையான எச்சரிக்கை என்ற எண்ணத்துடன்தான் பலரும் எழுந்து வருகிறார்கள். உண்மையில் முதல் எண் பல ஆண்டுகள் கழித்து வரக்கூடிய நோயைப் பற்றியது, இரண்டாவது சில நிமிடங்களில் வரக்கூடிய மரணத்தைப் பற்றியது, மூன்றாவதோ உடல் நலத்தைப் பற்றியதே அன்று, தீயைப் பற்றியது. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் மற்றவற்றைப் புரிந்துகொள்வது கடினமில்லை. அதைத்தான் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

பிபிஎம் என்னும் அளவு

கச்சா எண்ணெய் என்பது நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்களின் கலவை. அதைக் காய்ச்சிப் பிரிக்கும்போது எளிதில் ஆவியாகும் இலேசான பொருள்கள் மேலேயும், தார் போன்ற கனமானவை அடியிலும் தங்குகின்றன. பென்சீன், டொலுவீன், சைலீன், ஹெக்சேன் ஆகியவை இலேசான பக்கத்தைச் சேர்ந்தவை. பென்சீன் 80 டிகிரி செல்சியசில் கொதிக்கும். ஆனால் ஆவியாவதற்குக் கொதிக்க வேண்டிய அவசியம் இல்லை. நம் ஊர்ப் பகல் வெயிலே அதற்குப் போதும். இந்த ஆவிகள் காற்றைவிடக் கனமானவை. பென்சீன் ஆவி காற்றைப்போல ஏறக்குறைய 2.7 மடங்கு கனம் என்பதால், அது பள்ளத்திலும் வடிகாலிலும் டாங்கியின் அடியிலும் போய்த் தேங்கும். மேலே நிற்பவருக்கு ஒன்றும் தெரியாத இடத்தில், குனிந்து வேலை செய்பவருக்குத் தலை சுற்றுவது இதனால்தான்.

காற்றில் இந்த ஆவி எவ்வளவு கலந்திருக்கிறது என்பதைப் பிபிஎம் என்ற அலகால் குறிக்கிறார்கள். பத்து இலட்சம் பங்கு காற்றில் ஒரு பங்கு ஆவி இருந்தால் அது 1 பிபிஎம். இந்த அளவு எவ்வளவு நுண்ணியது என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரமுள்ள ஒரு தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் 1,000 கன மீட்டர், அதாவது பத்து இலட்சம் லிட்டர் காற்று இருக்கும். கதவுகளையும் சன்னல்களையும் அடைத்துவிட்டு, அந்த மண்டபம் முழுவதையும் 0.5 பிபிஎம் அளவுக்குக் கொண்டுவர எவ்வளவு பென்சீன் திரவம் ஆவியாக வேண்டும்? ஏறக்குறைய 1.8 மில்லிலிட்டர் போதும். ஒரு தேக்கரண்டியில் பாதிகூட இல்லை. சட்டையில் சிந்திய திரவத்தைப் பற்றி மேற்பார்வையாளர் ஏன் இவ்வளவு சத்தம் போடுகிறார் என்று எண்ணுபவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.

அட்டவணைகளில் சில இடங்களில் பிபிஎம்முக்குப் பதிலாக ஒரு கன மீட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று எழுதியிருக்கும். பென்சீனுக்கு 0.5 பிபிஎம் என்பதும் 1.6 மில்லிகிராம் என்பதும் ஒரே அளவுதான். இரண்டு எண்களைப் பார்த்து இரண்டு வரம்புகள் என்று குழம்ப வேண்டாம்.

முதல் எண்: எட்டு மணி நேரத்தின் சராசரி

மலேசியாவில் இந்த வரம்புகளை வகுத்திருப்பது 1994ஆம் ஆண்டுத் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் கீழ் 2000ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ஒழுங்குமுறை விதிகள். உடல் நலத்துக்குக் கேடான இரசாயனங்களின் பயன்பாட்டையும் அவை காற்றில் இருக்கக்கூடிய அளவையும் பற்றிய அந்த விதிகளை, வேலையிடங்களில் யூசெச் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அதன் முதல் அட்டவணையில் நூற்றுக்கணக்கான பொருள்களுக்கு எதிரே எண்கள் உள்ளன. பென்சீனுக்கு எதிரே இருப்பது 0.5 பிபிஎம்.

இந்த 0.5 என்பது எந்த நொடியிலும் தாண்டக்கூடாத கோடு என்று பலர் நினைக்கிறார்கள். அது எட்டு மணி நேர வேலை நாளின் சராசரி. ஒரு தொழிலாளி டாங்கியிலிருந்து மாதிரி எடுக்கும் இரண்டு மணி நேரம் 1.2 பிபிஎம் காற்றில் நின்றார், அடுத்த நான்கு மணி நேரம் 0.2 பிபிஎம் உள்ள பம்புப் பகுதியில் இருந்தார், மீதி இரண்டு மணி நேரம் சுத்தமான காற்றுள்ள அறையில் எழுத்து வேலை பார்த்தார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டை 1.2ஆலும் நான்கை 0.2ஆலும் பெருக்கிக் கூட்டினால் 3.2 வரும், அதை எட்டால் வகுத்தால் 0.4. அவர் வரம்புக்குள் இருக்கிறார்.

இப்போது அதே ஆள் ஷட்டவுன் காலத்தில் பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் நிற்கிறார். மாதிரி எடுப்பது நான்கு மணி நேரம், பம்புப் பகுதி ஆறு மணி நேரம், சுத்தமான இடம் இரண்டு மணி நேரம். கூட்டினால் 6. இதைப் பன்னிரண்டால் வகுத்து 0.5 என்று காட்டி, வரம்புக்குள்தான் இருக்கிறோம் என்று சொல்வது தவறு. வரம்பு எட்டு மணி நேரத்துக்கு வகுத்தது என்பதால், உள்ளே போன மொத்த அளவை எட்டாலேயே வகுக்க வேண்டும், விடை 0.75, அதாவது வரம்பை ஒன்றரை மடங்கு தாண்டிவிட்டது. இது மட்டுமன்று. வேலை நேரம் கூடும்போது, உடல் அன்று வாங்கியதை வெளியேற்றக் கிடைக்கும் ஓய்வு நேரமும் குறைகிறது. இரண்டையும் சேர்த்துக் கணக்கிடும் பிரீஃப்–ஸ்காலா முறைப்படி, பன்னிரண்டு மணி நேர ஷிப்டுக்கு வரம்பு சரிபாதியாகக் குறையும். பென்சீனுக்கு அது 0.25 பிபிஎம். ஓ.டி. கணக்கில் சம்பளம் கூடுவதை எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். வரம்பு குறைவதை யாரும் சொல்லித் தருவதில்லை என்பது என் மனக்குறை.

சராசரி என்றால், ஐந்து நிமிடத்துக்கு மட்டும் எவ்வளவு அதிகமாக இருந்தாலும் பரவாயில்லையா என்ற கேள்வி எழும். அதற்காகத்தான் விதிகளில் இரண்டாவது வேலி ஒன்று போட்டிருக்கிறார்கள். எந்தப் பதினைந்து நிமிடத்தை எடுத்துக்கொண்டாலும், அதன் சராசரி எட்டு மணி நேர வரம்பின் மூன்று மடங்கைத் தாண்டக்கூடாது. பென்சீனுக்கு அது 1.5 பிபிஎம். வேறு சில பொருள்களுக்கு உச்ச வரம்பு என்று ஒன்று உண்டு; அதை வேலை நாளின் எந்தக் கணத்திலும் தாண்டக்கூடாது.

பென்சீனுக்கு மட்டும் ஏன் இவ்வளவு சிறிய எண்? டொலுவீனுக்கு 50 பிபிஎம், சைலீனுக்கு 100 பிபிஎம் என்று இருக்கும்போது, அவற்றின் நெருங்கிய உறவான பென்சீனுக்கு 0.5தான். பென்சீன் கல்லீரலில் சிதைந்து உருவாகும் பொருள்கள் எலும்பு மஜ்ஜையைத் தாக்குகின்றன. இரத்த அணுக்கள் பிறக்கும் இடம் அதுதான் என்பதால், முதலில் இரத்த அணுக்கள் குறையலாம். ஆண்டுகள் கழித்து இரத்தப் புற்றுநோயும் வரலாம். மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று ஐயமின்றி உறுதியான பொருள்களின் முதல் பிரிவில் பென்சீனை அனைத்துலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் வைத்திருக்கிறது.

இந்த முடிவுக்கு வர உதவிய ஆய்வுகளில் முக்கியமான ஒன்றுக்கு ரப்பரோடு தொடர்பு உண்டு. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் இயற்கை ரப்பரைப் பதப்படுத்தி, பென்சீனில் கரைத்து, உணவுப் பொருள்களைச் சுற்றும் ப்ளையோஃபில்ம் என்ற மெல்லிய தாள் தயாரித்து வந்தார்கள். அந்தத் தொழிலாளர்களிடையே இரத்தப் புற்றுநோய் மரணம் எதிர்பார்ப்பதைவிடப் பல மடங்கு கூடுதலாக இருந்ததை 1977இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்த ரப்பரில் மலாயாப் பாலும் கலந்திருக்கக்கூடும். அமெரிக்க அரசு அதற்கடுத்த ஆண்டே வரம்பை 10 பிபிஎம்மிலிருந்து 1 பிபிஎம்முக்குக் குறைத்தது. எண்ணெய்த் தொழில்துறை வழக்குப் போட, 1980இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்த விதியை இரத்து செய்தது. மறுபடியும் அது நடைமுறைக்கு வந்தது 1987இல்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் வெளியிட்ட ஆணையின்படி, 2026 ஏப்ரல் முதல் அங்கே வரம்பு 0.2 பிபிஎம். பொருள் மாறவில்லை, மனித உடலும் மாறவில்லை. எண் மட்டும் இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. ஆகவே, வரம்புக்குக் கீழே இருந்தால் ஆபத்தே இல்லை, வரம்பைத் தாண்டினால்தான் ஆபத்து என்று இந்த எண்ணை வாசிக்கக் கூடாது. அன்றைய அறிவையும் அன்றைய தொழில்துறையின் இயலுமையையும் வைத்து வகுத்த எல்லை அது. புற்றுநோயை உண்டாக்கும் பொருளைப் பொறுத்தவரை, எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைப்பதே முறை.

இரண்டாவது எண்: மூக்கை நம்பக்கூடாத வாயு

ஹைட்ரஜன் சல்பைடு வேறு இனம். கச்சா எண்ணெயில் உள்ள கந்தகத்திலிருந்து வருகிறது. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். சுத்திகரிப்பு ஆலையைப் பார்த்தே இராதவர்களுக்கும் இது தெரிந்த வாயுதான். செம்பனை ஆலையின் கழிவுநீர்க் குளத்தைக் கடந்து போகும்போது வருகிற நாற்றத்தில் இதுவும் கலந்திருக்கிறது. மூடிய டாங்கிகளில் அந்தக் கழிவுநீரிலிருந்து எழும் பயோகேஸ் என்னும் எரிவாயுவில், சுத்திகரிப்பதற்கு முன், ஹைட்ரஜன் சல்பைடு 1,000 பிபிஎம்மைத் தாண்டுவது அதிசயமன்று. தோட்டத்து ஆலையில் வேலை செய்பவர்கள் இதை எண்ணெய்க் கம்பெனிக்காரர்களின் பிரச்சினை என்று ஒதுக்கிவிடக் கூடாது.

இதன் எட்டு மணி நேர வரம்பு 10 பிபிஎம். ஆனால் இங்கே சராசரியைவிட முக்கியமானது, அளவு கூடக் கூட உடலில் என்ன நடக்கிறது என்பது. ஒரு பிபிஎம்முக்கும் வெகு கீழே இருக்கும்போதே மூக்கு இதைக் கண்டுபிடித்துவிடும். அளவு 100 பிபிஎம்மை நெருங்கும்போது, சில நிமிடங்களில் மூக்கின் உணர்வு மரத்துப்போகிறது, நாற்றம் நின்றுவிடுகிறது. 500 முதல் 700 பிபிஎம்மில் தடுமாறி விழுவதற்குச் சில நிமிடங்களே போதும். 1,000 பிபிஎம் அளவில் ஓரிரு மூச்சிலேயே நினைவு தப்பிவிடும். உயிரணுக்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் வழியையே இந்த வாயு அடைத்துவிடுகிறது. நுரையீரல் நிறையக் காற்று இருந்தும் உடல் மூச்சுத் திணறுகிறது.

"நாத்தம் போயிருச்சு தம்பி, எறங்கலாம்" என்று மூத்தவர் ஒருவர் சொன்னால், மறுத்துப் பேசத் தயங்கி, "சரிங்கண்ணே" என்று இறங்குவதுதான் நம் வழக்கம். நாற்றம் போனதற்குக் காரணம் இரண்டாக இருக்கலாம்: வாயு போயிருக்கலாம், அல்லது மூக்கு போயிருக்கலாம். எது என்பதை மீட்டர்தான் சொல்ல வேண்டும். டாங்கியில் ஒருவர் விழுந்ததைப் பார்த்து, அவரைத் தூக்க அடுத்தவர் இறங்கி, அவரைத் தூக்க மூன்றாமவர் இறங்குவதும் இதே அறியாமையால்தான். தனிக் காற்று உருளையுடன் கூடிய சுவாசக் கருவி இல்லாமல் இறங்குபவர் காப்பாற்றுபவர் ஆகமாட்டார். இன்னொரு பலியாகவே ஆவார். மேலே நிற்பவர் செய்ய வேண்டியது, கயிற்றையும் டாங்கியின் வாய்க்கு மேல் நிறுத்தும் மூன்று கால் தூக்கியையும் கொண்டு வெளியிலிருந்தே இழுப்பதும், மீட்புக் குழுவை அழைப்பதும்தான்.

மூன்றாவது எண்: தீ பற்றும் வரம்பு

குழப்பம் அதிகம் நிகழ்வது இங்கேதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. எரியக்கூடிய ஆவி காற்றோடு கலந்து தீப்பற்றுவதற்குக் குறைந்தபட்ச அளவு ஒன்று தேவை. அதற்குக் கீழே தீப்பொறி பட்டாலும் பற்றாது. அந்தக் குறைந்தபட்ச அளவைத்தான் எல்இஎல் என்கிறார்கள். பென்சீனுக்கு அது காற்றில் 1.2 விழுக்காடு, ஹெக்சேனுக்கு 1.1, மெத்தேனுக்கு 5. தொழிலாளர்கள் இடுப்பிலோ மார்பிலோ மாட்டிக்கொள்ளும் நான்கு வாயு மீட்டர், ஆக்சிஜன், கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடு ஆகியவற்றோடு எல்இஎல்லையும் காட்டும். அதில் 10 என்று வந்தால், தீப்பற்றத் தேவையான அளவில் பத்தில் ஒரு பங்கு ஆவி காற்றில் இருக்கிறது என்று பொருள். அடைபட்ட இடங்களில் வேலை செய்வதற்கான 2010ஆம் ஆண்டு மலேசிய நடைமுறைக் கோவை, உள்ளே இறங்குமுன் இந்த எண் 10க்குக் கீழே இருக்க வேண்டும் என்றும், ஆக்சிஜன் 19.5 விழுக்காட்டுக்கும் 23.5 விழுக்காட்டுக்கும் இடையே இருக்க வேண்டும் என்றும் கேட்கிறது.

இப்போது விழுக்காட்டைப் பிபிஎம்மாக மாற்றிப் பாருங்கள். ஒரு விழுக்காடு என்பது 10,000 பிபிஎம். ஆகவே பென்சீனின் எல்இஎல் 12,000 பிபிஎம். அதில் பத்தில் ஒரு பங்கு 1,200 பிபிஎம். தீயைப் பொறுத்தவரை இது பாதுகாப்பான அளவு. உடலைப் பொறுத்தவரை இது அனுமதி வரம்பைப்போல 2,400 மடங்கு. உயிருக்கு உடனடி ஆபத்து விளைவிக்கும் அளவு என்று அமெரிக்கத் தொழிலிடச் சுகாதார நிறுவனம் பென்சீனுக்குக் குறித்திருக்கும் 500 பிபிஎம்மைவிடவும் இது இரண்டு மடங்குக்கு மேல்.

மீட்டரில் எல்இஎல் பெரும்பாலும் 1, 2, 3 என்று முழு எண்களாகத்தான் ஏறும். பென்சீனுக்கு அந்த ஒரே ஒரு படி 120 பிபிஎம். அதற்கும் கீழே இருந்தால் திரையில் வருவது சீரோ. மேலும், மெத்தேனை வைத்து அளவு சரிபார்த்த மீட்டர், பென்சீன் போன்ற கனமான ஆவிகளை உள்ளதைவிடக் குறைத்தே காட்டும். ஆகவே, எல்இஎல் சீரோ காட்டும் டாங்கிக்குள் பென்சீன் வரம்பைப்போல நூறு மடங்கு இருக்க இடமுண்டு. மீட்டர் பொய் சொல்லவில்லை, அதனிடம் கேட்ட கேள்வி வேறு. தீப்பற்றுமா என்று கேட்டால் பற்றாது என்று சரியாகவே பதில் சொல்லியிருக்கிறது. பென்சீன் எவ்வளவு என்று அறிய, பென்சீனை மட்டும் பிரித்துக் காட்டும் குழாய் பொருத்திய பிஐடி என்னும் ஒளி அயனி மீட்டரோ, நிறம் மாறும் கண்ணாடிக் குழாயோ வேண்டும். மேற்சொன்ன நடைமுறைக் கோவையும் தீயை மட்டும் பார்த்துவிட்டு இறங்கச் சொல்லவில்லை. நச்சுப் பொருள்களும் அவற்றின் அனுமதி வரம்புக்குள் இருக்க வேண்டும் என்கிறது. எனவே உள்ளே இறங்க அனுமதிக்கும் பெர்மிட்டில் கையெழுத்திடும் அதிகாரம் பெற்ற வாயுப் பரிசோதகரிடம், அதாவது ஏஜிடியிடம், "எல்இஎல் பாத்துட்டீங்க, பென்சீன் பாத்தீங்களாண்ணே?" என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

திரையில் வராத மற்றவை

ஹெக்சேன் என்ற பெயரைத் தோட்டப்புறத்தில் கேட்டிருப்பவர்கள் குறைவு. செம்பனைப் பருப்பிலிருந்தும் பிண்ணாக்கிலிருந்தும் மிச்ச எண்ணெயைக் கரைத்து எடுக்கும் ஆலைகளில் இது பயன்படுகிறது. பசைகளிலும் இயந்திரம் துடைக்கும் திரவங்களிலும் உண்டு. உடலுக்குள் இது மாறி உருவாகும் ஒரு பொருள் கைகால் நரம்புகளைக் கெடுக்கும். விரல் நுனியில் மரத்துப்போதல் தொடங்கி, பிறகு கால் தள்ளாடும். 1960களில் ஜப்பானில் பசை ஒட்டிச் செருப்புச் செய்த தொழிலாளர்களிடம் இந்த நோய் பரவலாகத் தென்பட்ட பிறகுதான் உலகம் விழித்தது. மலேசிய வரம்பு 50 பிபிஎம்.

வேலையிடத்தில் ஒரு பொருள் மட்டும் தனியாக இருப்பது அரிது. தின்னரில் டொலுவீன், சைலீன், ஹெக்சேன் மூன்றும் இருக்கலாம். மூன்றும் நரம்பு மண்டலத்தைத் தாக்குபவை. டொலுவீன் 20, சைலீன் 40, ஹெக்சேன் 15 பிபிஎம் என்று அளந்தால், ஒவ்வொன்றும் தன் வரம்புக்குள்ளேதான் இருக்கிறது. ஆனால் 20ஐ 50ஆல், 40ஐ 100ஆல், 15ஐ 50ஆல் வகுத்துக் கூட்டினால் 1.1 வருகிறது. ஒரே உறுப்பைத் தாக்கும் பொருள்களுக்கு இந்தக் கூட்டுத்தொகை ஒன்றைத் தாண்டக் கூடாது என்பது தொழிலிடச் சுகாதார வல்லுநர்களின் கணக்கு. மூன்று அறிக்கைகளும் சரி, மொத்தம் மட்டும் தவறு.

வரம்புகள் எல்லாம் காற்றைப் பற்றியவை; தோல் வழியாகப் போவதை அவை அளப்பதில்லை. இதில் நம் ஊர் வொர்க்ஷாப்புகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. மாலையில் வேலை முடிந்ததும், வெட்டிய பிளாஸ்டிக் தோம்பின் அடிப்பாகத்தில் கொஞ்சம் பெட்ரோலை ஊற்றி, கிரீஸ் படிந்த கையை முழங்கை வரை அதில் தேய்த்துக் கழுவுவார்கள். கறுப்பு உடனே போய்விடும். தோலின் எண்ணெய்ப் பசையும் கூடவே போய்விடும். வறண்டு வெடித்த தோல் வழியாக அடுத்த முறை பென்சீன் இன்னும் எளிதாக உள்ளே போகும். பழைய இஞ்சின் எண்ணெயில் பல வளைய ஹைட்ரோகார்பன்கள் சேர்ந்திருக்கும். அவற்றில் சில தோல் புற்றுநோயை உண்டாக்குபவை. அந்த எண்ணெய் நனைந்த துணியைக் கால்சட்டைப் பையில் செருகிக்கொண்டு நாள் முழுதும் திரிவது அதனினும் மோசம். சோப்பும் கை துடைக்கும் பசையும் சற்று நேரம் எடுக்கும், அவ்வளவுதான்.

புல் வெட்டும் மெஷினுக்காக மோட்டார் சைக்கிளிலிருந்து குழாய் போட்டு வாயால் பெட்ரோல் உறிஞ்சுவது இன்னொரு பழக்கம். விழுங்கினால் வயிறு எரியும் என்பதோடு நிற்பதில்லை. சில மில்லிலிட்டர் மூச்சுக்குழாயில் நுழைந்தாலே நுரையீரல் அழற்சி வரும். வாந்தி எடுக்க வைத்தால் இரண்டாம் முறை நுரையீரலுக்குள் போக வாய்ப்புக் கொடுத்ததாகும். ஆகவே வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். கைப்பம்பு வாங்க அதிகம் செலவாகாது.

முகக்கவசத்தைப் பற்றி ஒரே வரி: துணிக் கவசமும் என்95உம் தூசியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது, ஆவிக்குக் கரி அடைத்த வடிகட்டி வேண்டும், அதையும் ஆக்சிஜன் குறைந்த இடத்தில் போட்டுப் பயனில்லை.

யார் அளக்க வேண்டும், எங்கே எழுத வேண்டும்

இரசாயனம் புழங்கும் வேலையிடத்தில், சி.எச்.ஆர்.ஏ. என்னும் ஆபத்து மதிப்பீட்டைப் பதிவு பெற்ற மதிப்பீட்டாளரைக் கொண்டு முதலாளி செய்ய வேண்டும்; ஐந்தாண்டுக்கு ஒருமுறையேனும் அதைப் புதுப்பிக்க வேண்டும். காற்றை அளக்க வேண்டும் என்று மதிப்பீட்டாளர் சொன்னால், ஆறு மாதத்துக்கு மிகாத இடைவெளியில் அளக்க வேண்டும். அப்படி அளக்க வருபவர் தொழிலாளியின் சட்டைக் காலரில், மூக்குக்கு அருகே, ஒரு சிறிய கரிக்குழாயைக் குத்தி, இடுப்பில் ஒரு பம்பைக் கட்டிவிடுவார். அது நாள் முழுதும் அவர் சுவாசிக்கும் காற்றையே கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துச் சேர்க்கும்; பிறகு ஆய்வுக்கூடத்தில் அதைப் பிரித்துப் பார்ப்பார்கள். தொந்தரவாக இருக்கிறது என்று கழற்றி மேசை மேல் வைத்துவிட்டால், அந்த அறிக்கை மேசையின் உடல்நலத்தைப் பற்றியதாகிவிடும். அளந்ததன் முடிவைத் தொழிலாளிக்குத் தெரிவிப்பது முதலாளியின் கடமை.

ஒவ்வொரு இரசாயனத்துக்கும் பதினாறு பகுதிகள் கொண்ட பாதுகாப்புத் தகவல் தாள் இருக்க வேண்டும். மலாயில் ரிசாலா டாத்தா கெசெலாமாத்தான் என்று எழுதியிருக்கும். 2013ஆம் ஆண்டு விதிகளின்படி அது மலாயிலும் ஆங்கிலத்திலும் வரும், தமிழில் வராது. முழுவதையும் படிக்க நேரமில்லாதவர்கள் மூன்றாம் பகுதியையும் எட்டாம் பகுதியையும் மட்டுமாவது பார்க்கலாம். மூன்றாவதில் கலவைக்குள் என்னென்ன இருக்கின்றன என்றும், எட்டாவதில் அவற்றின் வரம்புகளும் அணிய வேண்டிய பாதுகாப்புக் கருவிகளும் இருக்கும். பீப்பாயின் மேல் 'தின்னர்' என்று மட்டும் எழுதியிருந்தால், உள்ளே பென்சீன் இருக்கிறதா என்று சொல்வது இந்த மூன்றாம் பகுதிதான்.

உடல் பரிசோதனை தேவை என்று மதிப்பீடு காட்டினால், தொழிலிடச் சுகாதார மருத்துவர் பன்னிரண்டு மாதத்துக்கு மிகாத இடைவெளியில் அதைச் செய்ய வேண்டும். பென்சீனுக்கு இரத்த அணுக்களின் எண்ணிக்கையும், ஷிப்டு முடிந்ததும் எடுக்கும் சிறுநீரில் பென்சீன் சிதைந்த பொருள்களின் அளவும் பார்க்கப்படும். கர்ப்பமாக இருப்பவர்களும் தாய்ப்பால் கொடுப்பவர்களும் அத்தகைய வேலையிலிருந்து மாற்றப்பட விதிகளில் இடமுண்டு. முன்னே சொன்ன 1994ஆம் ஆண்டுச் சட்டத்தில், 2022இல் திருத்தப்பட்டு 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த 26ஏ பிரிவு, உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமான காரணத்துடன் நம்பும் தொழிலாளி, முதலாளி அந்த ஆபத்தை நீக்காதபோது அவ்விடத்தை விட்டு விலகிக்கொள்ள உரிமை தருகிறது. கான்ட்ரெக்ட் வேலைக்குப் போகும் இளைஞர்களில் பலர் இதை அறியாதவர்கள்.

அளவீட்டு ஆவணங்களையும் உடல் பரிசோதனை ஆவணங்களையும் முதலாளி 30 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். இன்று ஷட்டவுனில் நிற்கும் இருபத்தைந்து வயது இளைஞனுக்கு நோய் வந்தால், அது அவன் நாற்பதுகளிலோ ஐம்பதுகளிலோ வரக்கூடும் என்பதால்தான் அவ்வளவு நீண்ட காலம். பென்சீனால் வரும் நோய்கள், தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் தொழில்சார் நோய்ப் பட்டியலில் உள்ளன. ஆனால் இழப்பீடு கேட்கும்போது எந்த இடத்தில், எந்த ஆண்டில், எந்தப் பொருளோடு வேலை செய்தோம் என்று காட்ட வேண்டியிருக்கும். ஒவ்வொரு ஷட்டவுனுக்கும் ஒவ்வொரு கான்ட்ரெக்டரிடம் போகிறவர்களின் ஆவணங்கள் பல இடங்களில் சிதறிக்கிடக்கும்; சில கான்ட்ரெக்டர்கள் அதற்குள் கடையை மூடியிருப்பார்கள். ஆகவே வேலைக்குப் போகும் ஒவ்வொரு இடத்தின் பெயர், தேதிகள், புழங்கிய இரசாயனங்கள், கையில் கிடைத்த காற்று அளவீட்டின் நகல், இரத்தப் பரிசோதனை முடிவு ஆகியவற்றை ஒரு கோப்பில் போட்டு, பிறப்புப் பத்திரம் வைக்கும் அலமாரியிலேயே வைத்துக்கொள்ள வேண்டும்.